வராத வலிப்பு

எனக்கு வலிப்பு நோய் கிடையாது. ஒரு நாளும் இருந்ததில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகளாக அது எனக்கு இருப்பதாகச் சொல்லி வருகிறேன். மனைவியிடம், மைத்துனரிடம், வேலையிடத்தில், தேவாலயத்தில், அண்டை வீடுகளில்... கடைசியில் ஒரு மருத்துவரிடமும்! எதற்காகத் தெரியுமா? எனக்குக் கார் ஓட்ட வராது. அதை மறைப்பதற்காக. அவ்வளவுதான்.

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். முழுவதும் கேட்ட பிறகும் சிரிக்க முடிந்தால், அப்போதும் சிரியுங்கள்.

நான் கத்தோலிக்கன். ஆண்டுக்கு இரண்டு முறை பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். கோபம், பொறாமை, பூசைக்குப் பிந்தி வந்தது என்று எல்லாவற்றையும் ஃபாதரின் காதில் போட்டிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவர் மன்னித்துவிடுவாரே என்ற பயம்! உங்களிடம் சொல்ல அந்தப் பயம் இல்லை. உங்களுக்கு என்னைத் தெரியாது. மன்னிக்கும் அதிகாரமும் உங்களுக்கு இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளும் முன்பே இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தோட்டமும் போய்விட்டது. இன்று அங்கே ரப்பரும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயமும் இல்லை; கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் சின்ன வயதைப் பற்றி நான் என்ன சொன்னாலும் மறுத்துப் பேச இந்த உலகில் ஓர் ஆள் கிடையாது. பொய் சொல்கிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஈப்போவுக்கு வந்து, நகருக்கு வெளியே ஒரு கல்குவாரியில் கிராணி வேலையில் சேர்ந்தேன். சுண்ணாம்புக் கல் ஏற்றிப்போகும் லாரிகளை எடை போட்டுச் சீட்டு எழுதித் தரும் வேலை. நாள் முழுதும் என் முன்னால் வந்து போகிறவர்கள் அத்தனை பேரும் ஓட்டுநர்கள். எழுதுகிறவன் மட்டும் பேருந்தில் வந்து, அரை மைல் புழுதியில் நடந்து வருகிறவன். பையில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு குடை.

கல்யாணமான முதல் ஆண்டில் லைசென்ஸ் எடுக்கப் போனேன். ஓட்டுநர் பள்ளியில் ஒரு மேடு உண்டு. சிமெண்டில் கட்டிய மேடு. நடுவில் மஞ்சள் கோடு. வண்டியைக் கோட்டில் நிறுத்தி, பின்னால் நழுவவிடாமல் மறுபடி ஏற்ற வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளைகள் பேசிக்கொண்டே ஏறிப்போனார்கள். எனக்கு வண்டி நழுவியது. இரண்டாம் முறையும் நழுவியது. மூன்றாம் முறை கோட்டில் நிறுத்தியதுமே கால்கள் இரண்டும் உதறத் தொடங்கின. வண்டியை அணைத்தேன். கதவைத் திறந்து இறங்கினேன். மேட்டின் நடுவிலேயே அதை விட்டுவிட்டு நடந்து வெளியே வந்துவிட்டேன்! பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

ஏன் அந்தப் பயம்? விபத்து எதையாவது பார்த்தேனா? இல்லை. தெரிந்தவர் யாராவது அடிபட்டுச் செத்தாரா? அதுவும் இல்லை. வெறும் பயம். ஒரு காரணம் இருந்திருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போயிருப்பேனே...

நீங்கள் கார் ஓட்டுகிறவராக இருந்தால் இது உங்களுக்குப் புரியாது. இந்த ஊரில் நடந்து போகிறவன் ஒன்று ஏழை, இல்லையென்றால் ஏதோ கோளாறு உள்ளவன். சாலையோரம் நடந்தால் நடைபாதை பாதியில் காணாமல் போகும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் முதல் கேள்வி, "காடிய எங்க போட்டீங்க?" என்பது. காரை இங்கே காடி என்பார்கள். இரண்டாவது கேள்வி, "அப்ப யாரோட வந்தீங்க?" என்பது. யாரோடாவது வந்தவன் அவர்கள் கிளம்பும்போதுதான் கிளம்ப வேண்டும். அவர்கள் வைக்கும் பாட்டைக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் அரசியலுக்குத் தலையாட்ட வேண்டும். இறங்கும்போது நன்றி சொல்ல வேண்டும். எத்தனை ஆயிரம் நன்றி சொல்லியிருக்கிறேன்! களைத்துவிட்டேன்.

பெண்கள் ஓட்டாவிட்டால் யாரும் கேட்பதில்லை. ஆண் ஓட்டாவிட்டால் அவனுடைய மனைவியைப் பார்த்து 'ச்சு' கொட்டுகிறார்கள்.

என் மகள் ஸ்டெல்லாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று நடந்தது அது. சரியான மழை. என் மனைவி பிலோமினாவின் அண்ணன் சேவியர் தன் புதுக் காரில் மூன்று நடை அடித்து எல்லாரையும் தேவாலயத்திலிருந்து தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நல்ல மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம். சாப்பாட்டு மேசையில் முப்பது பேர் இருந்தோம்.

"என்னா மச்சான், புள்ளைக்கே ஞானஸ்நானம் ஆயிருச்சு, ஒனக்கு எப்ப லைசென்ஸு?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அதோடு விட்டிருக்கலாம்.

"ஆம்பளைன்னா ஒரு காடி ஓட்டத் தெரிய வேணாமா லா? என் தங்கச்சி கைப்புள்ளய தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கணுமா?"

பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருந்தால்... இல்லை, பழியை அவள்மேல் போடக் கூடாது. அவள் தலை குனிந்தாள், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்போது என் வாய் திறந்தது.

"எனக்கு வலிப்பு இருக்கு மச்சான். சின்ன வயசுலேருந்து. காடி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? இன்றுவரை எனக்குத் தெரியாது. தயார் செய்து வைத்திருக்கவில்லை. ஆனால் எத்தனை அழகாக வந்தது!

சிரிப்பு நின்றது. சேவியரின் முகம் வெளுத்துப் போயிற்று. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "ஐயோ மச்சான்... தெரியாம பேசிட்டேன். மனசுல வச்சுக்காத லா." என் தட்டில் தன் கையாலேயே கோழிக்கறியை எடுத்து வைத்தார். முப்பது பேரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக!

வீட்டுக்கு வந்ததும் பிலோமினா அழுதாள். "கல்யாணத்துக்கு முன்னயே ஏங்க சொல்லல? நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து குடுத்தாங்க. நின்னுருச்சுன்னு நெனச்சேன்," என்றேன்.

"இனிமே எதையும் எங்கிட்ட மறைக்காதீங்க. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு வாழ்க்கை சுகமாயிற்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: சுகமாயிற்று. கேலி நின்றது. லாரி ஓட்டுநர்கள் முறை வைத்து என்னை ஏற்றிப்போனார்கள். மழையில் நின்றால் யாராவது வண்டியை நிறுத்தி, "ஏறுங்கண்ணே, நீங்க நடக்கக் கூடாது," என்றார்கள். பயந்தவனுக்கு இந்த ஊரில் இடமில்லை. நோயாளிக்கு முன் இருக்கையே உண்டு.

பிலோமினாவுக்கு மட்டும் சுகமில்லை. அவள் கைப்பையில் ஓர் இரும்புச் சாவியைப் போட்டுக்கொண்டாள், வலிப்பு வந்தால் என் கையில் திணிப்பதற்கு. நான் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது என்றாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, பேருந்து ஏறி, கிந்தா ஆற்றங்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு வருவேன். "என்னா சொன்னாங்க?" என்பாள். "அப்படியேதான் இருக்காம்," என்பேன். சிலுவை போட்டுக்கொள்வாள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். மனைவியை ஏமாற்றியவன் எந்தத் தெருவில் இல்லை?

ஸ்டெல்லா ஓட்டமும் ஆட்டமுமாக வளர்ந்தாள். பள்ளியில் கடற்படை மாணவர் படையில் சேர்ந்தாள். வெள்ளைச் சீருடையை அவளே இஸ்திரி போடுவாள். எங்கள் யாரையும் தொட விடமாட்டாள். ஒரு முறை கடற்படைத் தளம் இருக்கும் லுமுட் போனபோது தூரத்தில் நின்ற சாம்பல் நிறக் கப்பலைக் காட்டி, "நான் அதுலதான் பா வேல செய்யப் போறேன்," என்றாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. முடிவு செய்துவிட்டவர்கள் பேசும் குரலில் சொன்னாள்.

பதினாறு வயதில் பள்ளி வாரக் கூட்டத்தில் வெயிலில் நின்றபோது மயங்கி விழுந்தாள். கைகள் இரண்டு மூன்று முறை வெட்டி இழுத்தன என்று ஆசிரியை சொன்னார். மூன்று மாதம் கழித்து, பெரிய வெள்ளியன்று தேவாலயத்தில் நெடுநேரம் நின்றபோது மறுபடியும் விழுந்தாள். அன்று விரதம், காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. என் கண் முன்னாலேயே அவள் கை வெட்டியது. பிலோமினா அந்த இரும்புச் சாவியை எடுத்து மகளின் கையில் திணித்தாள்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர். மலாய்க்காரர், பொறுமையானவர். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்டார்.

பிலோமினா முந்திக்கொண்டாள். "சுவாமி சாயா அடா, டாக்டர்." என் கணவருக்கு இருக்கிறது.

மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "பெத்துல், என்சே?" உண்மைதானா, ஐயா?

எத்தனை நேரம் கொடுத்தார் அவர்! பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஸ்டெல்லா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாள். பிலோமினா பார்த்தாள். இல்லை என்று ஒரு சொல்... அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பிலோமினா திகைத்திருப்பாள். சேவியர் காறித் துப்பியிருப்பார். கூடிப்போனால் ஒரு வருடம் ஊர் பேசியிருக்கும். அவ்வளவுதானே!

"பெத்துல்," என்றேன்.

அவர் எழுதினார். மாத்திரை கொடுத்தார்.

காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஒன்பது ஆண்டுகள்.

கடற்படை இல்லை என்று ஆயிற்று. சீருடையைத் திருப்பிக் கொடுக்க அவளோடு நான்தான் பள்ளிக்குப் போனேன், பேருந்தில். மாத்திரையால் உடம்பு ஊதியது. முடி கொட்டியது. எழுதும்போது விரல்கள் நடுங்கின. படித்தது நிற்கவில்லை என்று அழுவாள். கார் ஓட்டக் கூடாது, நீந்தக் கூடாது, உயரத்தில் ஏறக் கூடாது... எனக்குப் பொய்யாக இருந்தவை எல்லாம் அவளுக்கு மெய்யாயின. "பரவால்ல பா. நானும் உங்கள மாதிரி பஸ்ஸுல போறேன்," என்று ஒரு நாள் என் தோளில் சாய்ந்து சொன்னாள். நோய் எங்கள் இருவருக்கும் பொது என்று நினைத்து என்னிடம் கூடுதலாக ஒட்டிக்கொண்டாள்! அந்த ஒட்டுதலை நான் வாங்கிக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

படித்து முடித்து, கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போனாள். அங்கே வேறொரு மருத்துவர் பார்த்தார். பல பரிசோதனைகள் செய்தார். ஒரு சனிக்கிழமை அவளிடமிருந்து எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. "பா, ரயில்ல வாரேன். ஸ்டேசனுக்கு வாங்க. ஒங்ககிட்ட கொஞ்சம் கேக்கணும்."

ஈப்போ நிலையத்தின் முன்னால் மரநிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் முகத்தில் நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

"டாக்டர் சொல்றாரு, எனக்கு வந்தது வெறும் மயக்கமாத்தான் இருக்கும்னு. ரத்த அழுத்தம் கொறஞ்சு விழுந்திருக்கேன். மயங்கி விழுறப்பவும் கை அப்படி வெட்டுமாம். டெஸ்ட்ல ஒண்ணுமே இல்ல பா!" என்றாள். "ஆனா குடும்பத்துல இருக்குறதால மாத்திரய நிறுத்த யோசிக்கிறாரு. ஒங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு வெவரமா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

கைப்பேசியைத் திறந்து கேள்விகளைப் படித்தாள். "மொத தடவ எத்தன வயசுல?"

"பதினொண்ணு," என்றேன். ஆமாம், சொன்னேன்! அந்த நிமிடத்திலும் சொன்னேன்.

அவள் தட்டச்சு செய்தாள். "எவ்வளவு நேரம் இருக்கும்? அப்ப ஒங்களுக்கு நெனவு இருக்குமா?"

திரை மேல் அவள் கட்டைவிரல் காத்திருந்தது. லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, மாத்திரையால்.

"எனக்கு வலிப்பு வந்ததே இல்லம்மா," என்றேன்.

புரியவில்லை அவளுக்கு. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேடு, மஞ்சள் கோடு, ஞானஸ்நானச் சாப்பாடு, மருத்துவரின் கேள்வி. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"ஒம்பது வருஷம் பா," என்றாள். பிறகு, "காலையில தண்ணியும் மாத்திரையும் நீங்கதானே கொண்டாந்து குடுப்பீங்க?"

"ஆமா."

"குடுக்குறப்ப என்னா நெனச்சீங்க?"

"ஒனக்கு நெஜமாவே இருக்குமோன்னு நெனச்சேன்மா..."

அது உண்மையா? பாதி உண்மை. கண் முன்னால் அவள் கை வெட்டியதைப் பார்த்தவன் நான். ஆனால் அவளுக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா? இருந்துவிட்டால் என் பொய்யால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றாகிவிடுமே! பெற்ற மகளுக்கு நோய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட தகப்பன்... இதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

"அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்," என்றாள். எழுந்தாள். வீட்டுக்கு வரவில்லை, அடுத்த ரயிலில் திரும்புகிறேன் என்றாள்.

"ஏன் வீட்டுக்கு வரலன்னு அம்மா கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"பொய் சொல்ல ஒங்களுக்கா தெரியாது?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

மருத்துவர் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார். இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன; அவளுக்கு ஒன்றும் வரவில்லை. லைசென்ஸ் எடுத்தாள், முதல் முறையிலேயே. ஒரு பழைய கார் வாங்கி அதில்தான் ஈப்போவுக்கு வருகிறாள். கடற்படையைப் பற்றி அவள் பேசுவதில்லை, வயது தாண்டிவிட்டது.

பிலோமினாவுக்கு இது அன்னை மரியாள் செய்த புதுமை, அற்புதம்! நன்றிப் பூசைக்குக் காணிக்கை கொடுத்தாள். ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பவன் நான். "நோயிலிருந்து விடுதலை பெற்ற எங்கள் மகள் ஸ்டெல்லாவுக்காக..." என்று ஒலிபெருக்கியில் என் வாயாலேயே வாசித்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா தலையைத் திருப்பிச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பிலோமினாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்த வாரம் சொல்கிறேன், பாஸ்கா பண்டிகை கழியட்டும், அவளுக்கு முட்டி வலி தீரட்டும்... இப்படியே இரண்டரை ஆண்டுகள்.

போன மாதம் பீடோரில் இருக்கும் பிலோமினாவின் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லூர்து அக்கா தனிக்கட்டை. பிள்ளை குட்டி இல்லை. இரண்டு மாதம் யாராவது கூட இருக்க வேண்டும். ஸ்டெல்லா விடுப்பு எடுத்துக்கொண்டு காரோடு வந்து, "துணியெல்லாம் எடுத்துக்குங்க மா, பெரியம்மாகிட்ட கொண்டு போய் விடுறேன்," என்றாள்.

"அப்பாவ தனியா விட்டுட்டு ராத்தங்க முடியாது லா. இத்தன வருஷத்துல ஒரு ராத்திரி விட்டுட்டு இருந்திருக்கேனா?" என்றாள் பிலோமினா. "திடீர்னு வந்துச்சுன்னா?"

ஸ்டெல்லா வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கையில் கார்ச் சாவி. காத்திருந்தாள்.

"போயி பாத்துட்டு சாயங்காலமே வந்துரு," என்றேன் மனைவியிடம்.

ஸ்டெல்லா போய்க் காரைக் கிளப்பினாள்.

மாலையில் மகள் அவளை வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே வராமலே கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். "அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு விடல. ஒரே ஒரு வாரம் இருடின்னு அழுவுது. பக்கத்து வீட்டுச் சீனக் கெழவிதான் வந்து கஞ்சி வச்சுக் குடுக்குதாம். நான் என்னங்க பண்றது?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அறுபதை நெருங்குகிறாள். என்னைவிடக் களைத்துப் போயிருக்கிறாள்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிலோ..." என்றேன். மேலே குரல் வரவில்லை.

அவள் சட்டென்று எழுந்து ஓடி வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என்னங்க? தல சுத்துதா? ஒண்ணும் பேசாதீங்க. மொதல்ல ஒக்காருங்க, ஒக்காருங்க..."

உட்கார்ந்தேன்.